ஏரிப் பறவைகளை ஆராய்பவருக்கு வெளிநாட்டு மாநாட்டுப் பயண நிதி

இளம் காட்டுயிர் ஆய்வாளர் ஒருவர் தம் ஆய்வை வெளிநாட்டு மாநாட்டில் முன்வைக்கப் போகும்போது, அந்தப் பயணத்தின் முழுச் செலவையும் ஒரே நிறுவனம் ஏற்பது அரிது. பதிவுக் கட்டணத்தை மாநாட்டுக் குழு குறைத்துக் கொடுக்கும். விமானக் கட்டணத்தை அரசின் அறிவியல் அமைப்பு ஒன்று தரும். தங்கும் செலவில் ஒரு பகுதியைப் பல்கலைக்கழகம் ஏற்கும். விசா, காப்பீடு, குளிருக்கான உடை, உள்ளூர்ப் போக்குவரத்து, சாப்பாடு என்று மிஞ்சுபவை ஆய்வாளரின் கைக்காசிலிருந்தோ கடனிலிருந்தோ வரவேண்டும். மேலும் தருவதாகச் சொன்னவர்களின் பணம் எல்லாம் ஒரே நேரத்தில் வருவதில்லை. பெருந்தொகைகள்தான் கடைசியில் வருகின்றன. ஏற்கப்பட்ட ஆய்வுக் கட்டுரையுடன் ஊரிலேயே தங்கிவிடும் மாணவர்கள் பலரைத் தடுத்து நிறுத்துவது இந்த இடைவெளிதான். புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்கள் எனும் உள்ளாட்சிப் பிரிவுகளின் ஏரிகளை ஆராய்பவர்களுக்கும் இதே நிலைதான். அவர்களுக்கான பயண நிதி எங்கெங்கிருந்து வருகிறது, அதில் ஊரார் எந்த இடத்தில் உதவ முடியும் என்பவை பலரும் அறிந்திராத செய்திகள்.

ஏரியும் அயல்நாட்டு மேடையும்

புதுச்சேரி வட்டாரத்தில் 84 ஏரிகள் உள்ளன. அவற்றில் பெரியது வில்லியனூர் கொம்யூனிலுள்ள ஊசுடு ஏரி. அதற்கு அடுத்தது பாகூர் ஏரி. சுமார் 800 ஹெக்டேர் பரப்புள்ள ஊசுடு ஏரியில் ஏறக்குறையப் பாதி புதுச்சேரிக்கும் மீதி தமிழ்நாட்டுக்கும் உரியது. சங்கராபரணி ஆற்றுத் தண்ணீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக இதற்கு வருகிறது. புதுச்சேரி அரசு தன் பகுதியை 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. தமிழ்நாட்டுப் பகுதி 2015இல் சரணாலயமானது. பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணையாற்றின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் தண்ணீர் கொண்டுவருகிறது. இரண்டும் நெல் விளைவிக்க மனிதர் கட்டிய ஏரிகள். பாகூரைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று சொல்வதற்கு இந்த ஏரியே காரணம்.

நெல்லுக்காகத் தேக்கிய தண்ணீருக்குப் பறவைகளும் வருகின்றன. கூழைக்கடா, நத்தை குத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, புள்ளி மூக்கு வாத்து, நாமக்கோழி, நீலத் தாழைக்கோழி ஆகியவை தென்னிந்திய நீர்நிலைகளில் வாழ்பவை. ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகி ஆகியவை குளிர்காலத்துக்கு மட்டும் வருபவை. நீலச்சிறகி முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது ஐரோப்பாவிலும் வடக்கு ஆசியாவிலும். அங்கே உறைபனி தொடங்கும் முன் கிளம்பி, மத்திய ஆசிய வலசைப்பாதை என்று அறிவியலாளர்கள் குறிக்கும் வழியில் பல நாடுகளைக் கடந்து இந்தியத் தீபகற்பத்துக்கு வருகிறது.

ஊசுடு ஏரியை ஆராயும் மாணவர் வெளிநாட்டு மாநாட்டுக்குப் போக வேண்டியதன் தேவை இதில்தான் இருக்கிறது. ஐந்து குளிர்காலங்கள் தொடர்ந்து எண்ணிப் பார்த்தவர், நீலச்சிறகிகள் குறைந்துவருவதைக் காண்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏரியில் ஆகாயத்தாமரை படர்ந்தது காரணமாக இருக்கலாம். கரையோர மனைப்பிரிவுகளின் கழிவுநீர் காரணமாக இருக்கலாம். அல்லது ஊசுடு ஏரியில் குறையே இல்லாமல், கஜகஸ்தானின் ஆழமற்ற ஏரிகள் வறண்டுபோனதோ வழியில் நடக்கும் வேட்டையோ காரணமாக இருக்கலாம். வில்லியனூரில் நின்றுகொண்டு இவற்றைப் பிரித்தறிய வழியில்லை. பறவையின் கோடைக்காலத்தைப் பார்த்தவரும் குளிர்காலத்தைப் பார்த்தவரும் தங்கள் கணக்குகளை ஒப்பிட்டால்தான் விடை தெரியும். 1987 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு இதற்காகவே ஏற்பட்டது. அந்த எண்களின் பொருளைப் பற்றி ஆய்வாளர்கள் நேருக்கு நேர் வாதிடும் இடங்களில் முக்கியமானது மாநாடு.

பறவையியலாளர்களின் உலக மாநாடு முதன்முதலில் 1884இல் வியன்னாவில் கூடியது. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடுவது அதன் வழக்கம். உயிரினப் பாதுகாப்பு அறிவியலுக்கென 1985இல் தொடங்கப்பட்ட சொசைட்டி ஃபார் கன்சர்வேஷன் பயாலஜி தன் உலக மாநாட்டை 2019இல் கோலாலம்பூரிலும் 2023இல் ருவாண்டாவின் கிகாலியிலும் 2025இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனிலும் நடத்தியது. தவளை, பாம்பு, பல்லி ஆய்வாளர்களின் உலக மாநாடு 2024இல் மலேசியாவின் கூச்சிங்கில் நடந்தது. மாணவர்களுக்கென்றே ஒரு மாநாடும் உண்டு. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 2000 முதல் நடந்துவரும் பாதுகாப்பு அறிவியல் மாணவர் மாநாட்டில் ஆய்வுகளை முன்வைப்பவர்கள் மாணவர்களே. அதன் கிளை மாநாடு 2010 முதல் பெங்களூருவில் நடக்கிறது. ரயில் டிக்கெட் செலவில் போய்வரக்கூடிய இந்த மாநாட்டில் முதலில் பேசிப் பழகுவது புதுச்சேரி மாணவருக்கு நல்ல தொடக்கம். பின்னாளில் வெளிநாட்டுக்கு நிதி கேட்கும்போது, ஏற்கெனவே ஒரு மேடையில் பேசியவர் என்பது விண்ணப்பத்துக்கு வலுச் சேர்க்கும்.

மாநாட்டில் ஒரு மாணவருக்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. வாய்மொழி உரை என்றால் 12 முதல் 15 நிமிடம். சுருக்க உரை என்றால் 3 முதல் 5 நிமிடம். பலருக்கும் கிடைப்பது சுவரொட்டிதான். 84 சென்டிமீட்டர் அகலமும் 119 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட தாளிலோ துணியிலோ ஆய்வை அச்சிட்டு மாட்டி, குறித்த நேரத்தில் அதன் அருகே நிற்க வேண்டும். உரையைவிடச் சுவரொட்டி தாழ்ந்தது என்ற எண்ணம் தவறானது. நூறு பேர் கேட்ட உரைக்குப் பிறகு ஒருவரும் தேடிவராமல் போவதுண்டு. சுவரொட்டியின் முன்னே நின்று அரைமணி நேரம் கேள்வி கேட்பவர், அதே பறவையை வேறொரு நாட்டில் பத்து ஆண்டாகப் பின்தொடர்பவராக இருக்கலாம். கூட்டு ஆய்வுகளும் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய வேலைகளும் இப்படித்தான் பிறக்கின்றன. எண்ணும் முறையிலுள்ள பிழையை, கட்டுரை அச்சேறும் முன்பே சுட்டிக்காட்டும் ஆளும் அங்கேதான் கிடைப்பார்.

நிதி திரட்டும் முன் மாநாடு உண்மையானதா என்று பார்ப்பது எல்லாவற்றிலும் முதல் வேலை. பணம் பறிப்பதற்காகவே நடத்தப்படும் மாநாடுகள் பெருகிவிட்டன. மாணவரின் பெயருக்கு மின்னஞ்சல் வரும். மரியாதைக்குரிய பேச்சாளர் என்று அழைப்பார்கள். ஆய்வுச் சுருக்கத்தை அனுப்பிய இரண்டு நாளில் ஏற்றுக்கொள்வார்கள். பதிவுக் கட்டணம் மட்டும் கனமாக இருக்கும். விலங்கியல், பொறியியல், பல் மருத்துவம் எல்லாவற்றுக்கும் ஒரே விடுதியில் ஒரே நாளில் கூட்டம் நடக்கும். உண்மையான மாநாட்டை ஓர் அறிவியல் சங்கமோ பல்கலைக்கழகமோ நடத்தும். அதன் முந்தைய கூட்டங்களின் நிகழ்ச்சி நிரல்கள் யாரும் பார்க்கக் கிடைக்கும். ஆய்வுச் சுருக்கத்தைப் பரிசீலிக்க வாரக்கணக்கில் ஆகும், மறுக்கவும் மறுப்பார்கள். ஊரார் கொடுத்த பணம் போலி மாநாட்டுக்குப் போய்ச் சேர்ந்தால், அடுத்து வரும் உண்மையான மாணவருக்கு அந்த ஊரில் பணம் பெயராது.

செலவும் கையிருப்பும்

தேசிய தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேர்ச்சி பெற்ற மாணவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயும், இரண்டு ஆண்டுக்குப் பின் முதுநிலை நிலையில் 42,000 ரூபாயும் கிடைக்கிறது. அது கிடைக்காமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவருக்குப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) தரும் உதவித்தொகை மாதம் 8,000 ரூபாய். ஆண்டு முழுவதும் ஒரு காசு செலவழிக்காமல் வைத்திருந்தாலும் 96,000 ரூபாய்தான் சேரும். காலாப்பட்டிலுள்ள புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலிருந்து பாகூர் ஏரிக்கு வாரந்தோறும் போய்வர இருசக்கர வண்டிக்குப் பெட்ரோல் போடுவதும், பைனாகுலர் பழுதானால் சரிசெய்வதும் இதிலிருந்துதான். ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ போய்வரும் சாதாரண வகுப்பு டிக்கெட் இந்த ஆண்டுத் தொகையின் பெரும்பகுதியை விழுங்கிவிடும்.

விமானக் கட்டணத்துக்கு அடுத்த பெரிய செலவு பதிவுக் கட்டணம். மாணவர்களுக்கும் வருமானம் குறைந்த நாடுகளிலிருந்து வருபவர்களுக்கும் பெரும்பாலான அறிவியல் சங்கங்கள் தனிக் கட்டணம் வைத்திருக்கின்றன. முன்கூட்டியே கட்டினால் இன்னும் குறையும். சங்கத்தின் உறுப்பினருக்கு மேலும் ஒரு தள்ளுபடி உண்டு. மாணவர் உறுப்பினர் கட்டணத்தைச் செலுத்திவிட்டுப் பதிவு செய்தாலும் மொத்தத்தில் மிச்சமாவதுண்டு. முன்பதிவுக்கான கடைசி நாள் தாண்டிவிட்டால் இந்தச் சலுகைகளில் பாதி போய்விடும். நிதி உறுதியாகாமல் பணம் கட்டத் தயங்கும் ஏழை மாணவரே கடைசியில் கூடுதல் கட்டணம் கட்ட நேர்வது இந்த ஏற்பாட்டின் பெரிய அநீதி.

விசா தனிக் கதை. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கான குறுகிய கால விசாக் கட்டணம் 2024 ஜூனில் 80 யூரோவிலிருந்து 90 யூரோவாக உயர்ந்தது. மறுத்தாலும் திரும்பக் கிடைக்காது. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி வரம்பு 15 நாள். வங்கிக் கணக்கின் சில மாத வரவு செலவையும் கேட்பார்கள். மாதம் 8,000 ரூபாய் வரும் கணக்கில் விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் இரண்டு லட்சம் ரூபாய் சேர்ந்திருந்தால், அது உதவியாவதற்குப் பதில் சந்தேகத்தைக் கிளப்பும். செலவை யார் ஏற்கிறார்கள் என்று தலைப்புத்தாளில் எழுதிக் கையொப்பமிட்ட கடிதமே அங்கே எடுபடும். ஆகவே நிதி தருபவர்கள் பணத்தோடு கடிதத்தையும் காலத்தில் தரவேண்டும்.

யார் தருகிறார்கள்

முதலில் கேட்க வேண்டிய இடம் மாநாட்டுக் குழுவே. ஆய்வுச் சுருக்கத்தை அனுப்பும் படிவத்திலேயே பயண உதவி வேண்டுமா என்ற கேள்வி இருக்கும்; அதைக் கவனிக்காமல் விட்டுவிடுபவர்கள் ஏராளம். கேம்பிரிட்ஜ் மாணவர் மாநாடு வளரும் நாட்டு மாணவர்கள் சிலருக்கு ஆண்டுதோறும் உதவித்தொகை தருகிறது. அறிவியல் சங்கங்களும் மாணவர் பயண விருதுகளை வைத்திருக்கின்றன. இவை போட்டிக்குரியவை. இவற்றில் ஒன்று கிடைத்தால் மற்ற நிதியாளர்களின் நம்பிக்கையும் கூடும்.

அடுத்தது இந்திய அரசு. அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியம், சுருக்கமாக செர்ப், பல ஆண்டுகளாக நடத்திவந்த பன்னாட்டுப் பயண உதவித் திட்டம் இளம் ஆய்வாளர்களுக்குப் பெரிய கைகொடுப்பு. விமானக் கட்டணம், விசா, பதிவுக் கட்டணம் ஆகியவற்றை அது ஏற்றது. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி செர்ப் அமைப்பு அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குள் இணைக்கப்பட்டது. அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றமான சிஎஸ்ஐஆர் நிறுவனத்துக்கும் இளம் ஆய்வாளர்களுக்கான வெளிநாட்டுப் பயண உதவித் திட்டம் உண்டு. மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை தன் துறை சார்ந்த ஆய்வுகளுக்கு உதவுகிறது. இவற்றுக்கு விண்ணப்பிக்க ஏற்புக் கடிதம் வேண்டும். நெறியாளரின் பரிந்துரையும் நிறுவனத் தலைவரின் ஒப்புதலும் வேண்டும். மாநாட்டுக்கு மாதக்கணக்கில் முன்னால் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். அரசுப் பணத்தில் வாங்கும் டிக்கெட்டைப் பொதுவாக பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐஆர்சிடிசி ஆகிய அங்கீகரிக்கப்பட்ட முகவர்கள் வழியாகவே வாங்க வேண்டும். மலிவாகக் கிடைத்தது என்று வேறிடத்தில் வாங்கியவர் அந்தப் பணத்தை இழக்க நேரிடும்.

அரசு உதவியில் உள்ள சிக்கல் ஒன்றுதான், அது பெரியது: பணம் பெரும்பாலும் பயணம் முடிந்து, போர்டிங் பாஸ், பற்றுச்சீட்டு எல்லாம் கொடுத்த பிறகே வருகிறது. அதாவது டிக்கெட் வாங்க முதலில் வேறொருவர் பணம் போட வேண்டும். கையில் சேமிப்புள்ள குடும்பத்து மாணவருக்கு இது ஒரு பொருட்டில்லை. மாதக் கூலியில் ஓடும் வீட்டுப் பிள்ளைக்கு, அனுமதி ஆணை கையில் இருந்தும் பயணம் இல்லை.

தனியார் நிதிகளில் ஜாம்ஷெட்ஜி டாடா 1892இல் தொடங்கிய ஜே.என். டாடா அறக்கொடை பெயர்பெற்றது. ஆனால் அதன் முதன்மைப் பணி வெளிநாட்டில் மேற்படிப்புக்குக் கல்விக் கடன் தருவது. இங்கிலாந்தின் ரஃபோர்ட் அறக்கட்டளை வளரும் நாடுகளின் இளம் பாதுகாப்பு ஆய்வாளர்களுக்குத் தரும் சிறு நிதி களப்பணிக்கானது. களப்பணி நிதியில் மாநாட்டுக்குப் போவதாகக் கணக்கெழுதுவது நம்பிக்கைத் துரோகம். எந்த நிதி எதற்கு என்று படித்துப் பார்த்து விண்ணப்பித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியும் உண்டு. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் இலாபமீட்டும் நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கல்வி, சுற்றுச்சூழல், விலங்கு நலம் எல்லாம் அதில் அடங்கும். ஊசுடு ஏரிக்கு அருகிலேயே சேதராப்பட்டுத் தொழிற்பேட்டை இருக்கிறது. தனி ஆளுக்கு நேராக இந்தப் பணத்தைத் தருவது கடினம். பதிவுபெற்ற அறக்கட்டளையோ கல்வி நிறுவனமோ நடத்தும் திட்டம் ஒன்றின் பகுதியாகக் கேட்டால் வழி திறக்கும்.

ஊர் திரட்டும் பணம்

பொதுமக்களிடம் பணம் திரட்டி ஓர் இளைஞரைக் கடல்கடந்த மாநாட்டுக்கு அனுப்பியதில் தமிழர்க்கு நன்கு தெரிந்த முன்னுதாரணம் 1893இல் சென்னையில் நடந்தது. சிகாகோ சர்வசமயப் பேரவைக்கு விவேகானந்தரை அனுப்ப, ஆசிரியராக இருந்த அளசிங்கப் பெருமாளும் அவருடைய இளம் நண்பர்களும் வீடு வீடாகப் போய்ப் பணம் சேர்த்தார்கள். மன்னர்களும் கொடுத்தார்கள், நடுத்தரக் குடும்பத்தாரும் கொடுத்தார்கள். மே 31ஆம் தேதி அவர் மும்பையிலிருந்து கப்பலேறினார். சிகாகோ சேர்ந்த பிறகுதான் பேரவை செப்டம்பரில் தொடங்கும் என்பதும், அறிமுகச் சான்றில்லாதவர் பேராளராக முடியாது என்பதும் தெரிந்தன. கையிலிருந்த பணம் கரைந்தது. செலவு குறைவான பாஸ்டன் பக்கம் போனார். சென்னைக்குத் தந்தி அடித்தார். அளசிங்கரும் நண்பர்களும் மறுபடி பணம் திரட்டி அனுப்பினார்கள். ஹார்வர்டு பேராசிரியர் ஜான் ஹென்றி ரைட் கொடுத்த அறிமுகக் கடிதத்தால் பேராளர் இடம் கிடைத்தது. செப்டம்பர் 11ஆம் தேதி உரை பலருக்கும் தெரியும். தேதியும் நுழைவுத் தகுதியும் முன்பே விசாரிக்கப்படாமல் போனதும், இரண்டாம் முறை அனுப்பிய பணமே அவரைத் தாங்கியதும் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. இன்றைக்கு நிதி திரட்டுபவருக்கு அவை இரண்டும் முக்கியமானவை.

காட்டுயிர்த் துறையிலேயே இன்னொரு முன்னுதாரணமாகப் பறவையியலாளர் சலீம் அலியின் வாழ்க்கை இருக்கிறது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சூழலியல் பள்ளிக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. மும்பை அருங்காட்சியகத்தில் வழிகாட்டி விரிவுரையாளராக இருந்த அவர் விடுப்பெடுத்துக்கொண்டு பெர்லினுக்குப் போய், எர்வின் ஸ்ட்ரெஸ்மானிடம் பறவையியல் பயின்றார். 1930இல் திரும்பியபோது, நிதியில்லை என்ற காரணத்தால் அவருடைய பணியிடமே நீக்கப்பட்டிருந்தது. கிஹிம் கடற்கரைக் கிராமத்தில் தங்கித் தூக்கணாங்குருவிகளைக் கவனித்து எழுதினார். பின்னர் சமஸ்தானங்களிடம் அவர் வைத்த கோரிக்கை எளிமையானது: சம்பளம் வேண்டாம், களச் செலவை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஹைதராபாத், திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைக் கணக்கெடுப்புகள் அப்படித்தான் நடந்தன. பெர்லினில் கற்ற முறை அந்தக் களங்களில் பயன்பட்டது. வெளிநாட்டில் பெற்ற பயிற்சி உள்நாட்டுப் பறவைக்கு என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான விடை தேவையில்லை.

பாகூருக்கே இதில் பழைய பங்கு உண்டு. 9ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில் வெளியிடப்பட்ட பாகூர்ச் செப்பேடுகள், அந்த ஊரிலிருந்த கல்விநிலையத்தைப் பேணுவதற்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைச் சொல்கின்றன. அறிவைத் தேடுபவரின் செலவை நிலத்தின் வருவாய் தாங்கும் ஏற்பாடு இந்த மண்ணில் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டது.

இன்றைய ஊரில் அதை யார் செய்வது? கொம்யூன் பஞ்சாயத்தின் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் தீர்மானம் போட்டுத் தரலாம் என்று நினைக்கத் தோன்றும். புதுச்சேரியில் 2006இல் நடந்த உள்ளாட்சித் தேர்தலுக்குப் பின் நீண்ட காலம் தேர்தலே நடக்காததால் கொம்யூன்களை ஆணையர்களே நிர்வகித்து வந்திருக்கிறார்கள். ஆகவே மீதமிருப்பவை ஏரிப் பயனாளர் சங்கங்கள், பள்ளி முன்னாள் மாணவர் குழுக்கள், இளைஞர் மன்றங்கள், ரோட்டரி, லயன்ஸ் கிளப்புகள், வணிகர் சங்கங்கள். ஐரோப்பிய ஒன்றிய உதவியுடன் புதுச்சேரி ஏரிகளைச் சீரமைத்த திட்டத்தில் உருவான ஏரிச் சங்கங்களுக்கு, ஏரியைப் பற்றிய ஆய்வில் நேரடி அக்கறை இருக்க நியாயம் உண்டு. பறவைகள் ஏன் குறைகின்றன என்ற கேள்வியும் தண்ணீர் ஏன் கெடுகிறது என்ற கேள்வியும் பல இடங்களில் ஒரே கேள்விதான்.

ஊரார் தரும் தொகை பெரிதாக இருக்கத் தேவையில்லை. அது முன்னால் வருவதே பெரிது. முன்பதிவுக் கட்டணத்துக்கும் விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் வேண்டிய பணத்தைக் கைமாற்றாகக் கொடுத்து, அரசுப் பணம் வந்ததும் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். ஒரு லட்சம் ரூபாய் திரட்டிய சங்கம், அதில் 80,000 ரூபாயை டிக்கெட்டுக்குக் கொடுத்து அரசுத் தொகை வந்தபின் திரும்பப் பெற்றால், உண்மையில் செலவானது 20,000 ரூபாய்தான். மீதம் அடுத்த மாணவருக்கு. நன்கொடையாக மட்டுமே நினைத்தால் ஒருவரோடு முடிந்துவிடும் பணம், சுழல்நிதியாக வைத்தால் ஆண்டுதோறும் ஒருவரை அனுப்பும். அரசுத் திட்டங்களின் தாமதத்தை ஊரால் மாற்ற முடியாது. அந்தத் தாமதம் ஒரு மாணவரின் வாய்ப்பைப் பறிக்காமல் தடுக்க முடியும். கிராமத்தின் பணத்துக்கு இதைவிடப் பெரிய பயன் இந்த விஷயத்தில் இல்லை.

பணத்தை மாணவரின் சொந்தக் கணக்கில் சேர்ப்பது நல்லதில்லை. உறவினரல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் வரும் அன்பளிப்புகள் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டுமல்ல, முழுத் தொகைக்கும் வருமானவரிக் கணக்கு வரும். கல்விச் செலவுக்கென வழங்கப்படும் உதவித்தொகைக்கு வரிவிலக்கு உண்டு. பதிவுபெற்ற சங்கமோ அறக்கட்டளையோ தன் கணக்கில் பணத்தைச் சேர்த்து, உதவித்தொகை என்று தீர்மானம் எழுதி, டிக்கெட்டையும் பதிவுக் கட்டணத்தையும் நேராகக் கட்டிவிடுவது எல்லாருக்கும் பாதுகாப்பு. 80ஜி சான்றுள்ள அறக்கட்டளை என்றால் கொடுப்பவருக்கு வரிச்சலுகை கிடைக்கலாம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை இல்லை. மிலாப், கெட்டோ போன்ற இணையத் தளங்களிலும் திரட்டலாம். அவற்றில் மருத்துவச் செலவுக்கான முறையீடுகளே மிகுதி. பறவை ஆய்வுக்கு முகம்தெரியாதவர் கொடுப்பது குறைவு.

புதுச்சேரிக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. 1956இல் கையெழுத்தாகி 1962இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தின்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள், பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர்களின் சொல்தா குடும்பங்கள் உட்பட, இங்கும் பிரான்சிலும் பரவியிருக்கின்றன. ஊருக்கு நல்லது என்றால் கொடுக்க அவர்களுக்கு மனமுண்டு. ஆனால் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் குடியுரிமையைப் பார்க்கிறது, பூர்விகத்தைப் பார்ப்பதில்லை. இந்தியக் கடவுச்சீட்டுடன் துபாயில் வேலை பார்ப்பவர் தம் சேமிப்பிலிருந்து கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை இல்லை. பிரெஞ்சுக் குடியுரிமையுள்ள வில்லியனூர்க்காரர் கொடுத்தால் வெளிநாட்டு நன்கொடை. அதைப் பெற ஊர்ச் சங்கத்துக்கு உள்துறை அமைச்சகத்தின் பதிவு வேண்டும். 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அந்தப் பணம் முதலில் புதுடெல்லியிலுள்ள ஸ்டேட் வங்கிக் கிளைக் கணக்குக்கே வரவேண்டும். பதிவுள்ள ஒரு சங்கம் வாங்கி மற்றொன்றுக்கு மாற்றித் தரவும் முடியாது. சிறிய ஏரிச் சங்கத்துக்கு இது ஆகிற காரியமில்லை. பிரான்சில் இருப்பவர்கள் வேறு வகையில் உதவலாம். மாநாடு அந்த நாட்டில் என்றால் வீட்டில் தங்க இடம் கொடுக்கலாம். விசாவுக்காக, தங்கவைப்பதற்கான சான்றிதழை அவர்கள் ஊரின் நகராட்சி அலுவலகமான மேரியில் கட்டணம் செலுத்திப் பெற்று அனுப்ப வேண்டும். விடுதிச் செலவு முழுவதும் மிச்சமாவது சிறிய உதவியில்லை.

நிதி கேட்கும் கடிதம் ஒரு பக்கத்துக்குள் இருப்பது நல்லது. என்ன ஆய்வு, எந்த ஏரியில், எத்தனை ஆண்டு, மாநாட்டின் பெயர், இடம், தேதி, உரையா சுவரொட்டியா, மொத்தச் செலவு, ஏற்கெனவே உறுதியானது, இன்னும் வேண்டியது, பணம் எந்தத் தேதிக்குள் வேண்டும். ஏற்புக் கடிதத்தின் நகலும் நெறியாளரின் கடிதமும் உடன் இருக்க வேண்டும். நாட்டுக்குப் பெருமை என்று எழுதுவதைவிட, பாகூர் ஏரியின் எந்தப் பக்கத்தில் எந்தப் பறவை கூடு கட்டுவதை நிறுத்திவிட்டது என்று எழுதினால் பாகூர்க்காரர் படிப்பார். ஆய்வாளரின் வறுமையை விரித்துச் சொல்லி இரக்கம் தேடுவது தேவையற்றது. அவர் வேலை செய்திருக்கிறார். அந்த வேலையைக் காட்டினால் போதும்.

புறப்படும் முன் சட்டம் சார்ந்த ஓர் எச்சரிக்கையும் உண்டு. சரணாலயத்தில் ஆய்வு செய்ய வனத்துறை கொடுத்த அனுமதி, அங்கே பொறுக்கிய இறகையோ முட்டை ஓட்டையோ வெளிநாட்டுக்கு எடுத்துப்போகும் அனுமதி ஆகாது. 1972ஆம் ஆண்டு வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டமும் இதில் கண்டிப்பானவை. படமும் எண்ணும் போதும்.

பயணம் நடக்காமல் போகும் வாய்ப்பையும் முன்பே பேசிவைக்க வேண்டும். விசா மறுக்கப்படலாம், மாநாடு தள்ளிப்போகலாம். திரும்பக் கிடைக்கும் டிக்கெட் சற்று விலை கூடுதல் என்றாலும் பொதுப் பணத்துக்கு அதுவே ஏற்றது. 2020க்குப் பின் பல மாநாடுகள் இணையம் வழியாகவும் உரையாற்ற இடம் கொடுக்கின்றன. போக முடியாதவருக்கு அது கதவை அடைக்காமல் காக்கிறது; பதிவுக் கட்டணமும் குறையலாம். சுவரொட்டிக்கு முன்னால் நடக்கும் அந்த அரைமணி நேர உரையாடலை மட்டும் திரையால் தர முடிவதில்லை.

திரும்பி வந்த ஒரு மாதத்துக்குள் ஆய்வாளர் இரண்டு கணக்குகளைக் கொடுக்க வேண்டும். ஒன்று அரசுக்கு: போர்டிங் பாஸ், பங்கேற்புச் சான்றிதழ், பற்றுச்சீட்டுகள், செலவுப் பட்டியல். இது தாமதமானால் சுழல்நிதியும் சுழலாது. மற்றொன்று ஊருக்கு: எவ்வளவு வந்தது, எதற்குப் போனது, எவ்வளவு மீதி என்று சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுமளவுக்கு எளிய கணக்கு. அதனோடு, மாநாட்டில் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் சொல்லும் ஓர் உரையும் வேண்டும். மாநாட்டில் தொங்கிய துணிச் சுவரொட்டியின் தமிழ் வடிவத்தை ஏரியருகே உள்ள அரசுப் பள்ளிக்குக் கொடுப்பதற்கு அச்சுச் செலவு மட்டுமே ஆகும். நிதி கேட்ட நாளிலேயே அந்தச் செலவையும் பட்டியலில் சேர்த்துவிடலாம்.